பந்தியில் யார் இன்னும் வரவில்லை?



  

இந்த மாதம் எழுப்புதலைக் குறித்து எழுதலாம் என்றுதான் ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் போன மாதம் ஞாயிற்றுக்கிழமை விடியற்கால ஜெபம் முடிந்ததும் ஒரு வாலிபத் தம்பி என்னிடம் வந்து நின்றான். தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவன். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. கடை ஹாஸ்டலில் தங்கியிருக்கிறான். கையைப் பிசைந்துகொண்டே, "பாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஞானஸ்நானம் எடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் திருவிருந்துல ரெண்டே ரெண்டு தடவைதான் உக்காந்திருக்கேன்" என்றான்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "ஏன் தம்பி, மாசாமாசம் முதல் ஞாயிறு இருக்கே, வரலாமே?" என்று கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஞாயித்துக்கிழமைதான் பாஸ்டர் எங்க கடையில கூட்டமே. காலையில ஒன்பதரைக்கு உள்ள இருக்கணும். நீங்க பந்தி பரிமாறுறது பன்னெண்டு மணிக்கு. அந்த நேரத்துல நான் சேலை மடிச்சிட்டு இருப்பேன்."

தேவ பிள்ளைகளே, அன்றைக்கு என்னால் காலைச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை. இத்தனை வருடமாக "நாம் எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒரே சரீரம்" என்று மைக்கில் சத்தமாகச் சொல்லி வந்திருக்கிறேன். நீங்களும் "ஆமென்" என்றீர்கள். அந்த நேரத்தில் சரீரத்தின் ஒரு அவயவம் உஸ்மான் ரோட்டில் சேலை மடித்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவே இல்லை.

விசுவாசிகளை ஒன்றாக்குவது எது? இந்தக் கேள்வியோடு முழங்காலில் நின்றேன். ஒரே பாஷையா? நம்முடைய சபையில் தமிழ் உண்டு, தெலுங்கு உண்டு, மலையாளம் உண்டு. ஒரே விதமான ஆராதனையா? கை தட்டுவதும் துதிப்பதும் ஒன்றாயிருந்தும் ஒரே தெருவில் மூன்று பெயர்ப் பலகை தொங்குகிறதே! "பாஸ்டர், நாம எல்லாரும் அபிஷேகம் பெத்தவங்க, அதுதான் நம்மளை ஒண்ணாக்குது" என்று சிலர் சொல்வார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தேன்.

அப்படியானால் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து 11ஆம் வசனத்திலிருந்து நிதானமாக வாசியுங்கள். அங்கே பந்தியிலிருந்து எழுந்துபோனவன் யார்? பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கித்த பேதுரு! அக்கினிமயமான நாவுகள் அமர்ந்த மேல்வீட்டில் இருந்தவன். கொர்நேலியுவின் வீட்டில் புறஜாதியார்மேல் ஆவியானவர் இறங்கினதைத் தன் கண்ணாலேயே கண்டவன். அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு தினமும் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எருசலேமிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் மெதுவாக விலகிக்கொண்டான். உபதேசத்தை மாற்றினான் என்று வேதம் சொல்லவில்லை. சாப்பிடும் இடத்தை மாற்றினான், அவ்வளவுதான். ஆனால் பவுல் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்தையே விட்டு விலகின நடை என்று எல்லாருக்கும் முன்பாக நேருக்கு நேராகக் கண்டித்தான். பர்னபா எவ்வளவு நல்ல மனுஷன்! அவனும் அந்த இழுப்பில் போய்விட்டான்.

பிரியமானவர்களே, அபிஷேகம் பெற்றவனும் பந்தியிலிருந்து எழுந்து போகக்கூடும். இதை நான் பயத்தோடே எழுதுகிறேன்.

நம்முடைய சொந்தச் சரித்திரமும் இதையே சொல்லுகிறது. 1906ஆம் வருடம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில் அசூசா தெருவில் நடந்த எழுப்புதலைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நடத்தின வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர். அதற்குச் சற்று முன்பு ஹூஸ்டனில் வேத வகுப்புக்குப் போனபோது, வெள்ளையரோடு ஒரே அறையில் உட்கார அவருக்கு அனுமதி இல்லை. நடையில் இருந்துகொண்டு, திறந்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். அப்படி வெளியே இருந்து கேட்டவரைத்தான் கர்த்தர் எடுத்துப் பயன்படுத்தினார்! அசூசா தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காற்படியிட்டார்கள். அந்த நாட்களில் அந்த தேசத்தில் அது நடக்கவே கூடாத காரியம்.

அது எவ்வளவு காலம் நின்றது? சில வருடங்கள்தான். அதே அபிஷேகம் பெற்றவர்கள் வெள்ளையருக்கு ஒரு ஸ்தாபனம், கறுப்பருக்கு ஒரு ஸ்தாபனம் என்று பிரிந்தார்கள். 1994ஆம் வருடம் அக்டோபர் மாதம் மெம்பிஸ் பட்டணத்தில் இரு திறத்தாரும் கூடினார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரப் போதகர் தண்ணீரும் துவாலையும் எடுத்து, கண்ணீரோடே ஒரு கறுப்பினப் பிஷப்பின் பாதங்களைக் கழுவினார். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஐக்கிய சங்கம் கலைக்கப்பட்டு, இருவருக்கும் பொதுவான சங்கம் உண்டாயிற்று. 1906 எங்கே, 1994 எங்கே! எண்பத்தெட்டு வருடம்! ஆவியானவர் ஒரே நாளில் செய்ததை மனுஷன் கெடுத்து, அதைத் திரும்பச் சேர்க்க மூன்று தலைமுறை ஆயிற்று.

"அது அமெரிக்கா பாஸ்டர், நிறவெறி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்க் கதையும் உண்டு. 1833ஆம் வருடம் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் இருக்கவே கூடாது என்று தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காலத்துத் தமிழ்ச் சபைகளில் ஜாதிப்படி தனித்தனியாக உட்காருவார்கள், திருவிருந்தும் முன்பின்னாக எடுப்பார்கள். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது என்ன நடந்தது தெரியுமா? இதே பட்டணத்தில் வேப்பேரியிலும், அங்கே தஞ்சாவூரிலும், திரளான பேர் சபையை விட்டே எழுந்து போனார்கள். சிலைகளை விட்டவர்கள், சொந்த பந்தத்தை விட்டவர்கள், வரிசையை விட முடியவில்லை.

இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். கதீட்ரல் ரோட்டில் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் பேராலயம் இருக்கிறதே, பஸ்ஸில் போகும்போது வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. தேசம் சுதந்திரம் அடைந்து 43 நாட்கள்தான் ஆகியிருந்தன. வடக்கே பஞ்சாபில் தேசம் இரண்டாகி இரத்தம் ஓடிக்கொண்டிருந்த நேரம். அந்த நாளில் அந்த ஆலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அதற்கு முன்பே 1908இல் ஒன்றாகியிருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையாக ஆயின. பிஷப்மார் உள்ள சபையும் பிஷப்மாரே வேண்டாம் என்ற சபையும் ஒன்றானதை உலகம் முழுவதும் ஆச்சரியமாகப் பார்த்தது.

நாம் பெந்தெகொஸ்தே விசுவாசிகள். அவர்களுடைய முறைமைகளில் நமக்கு ஒத்துவராதவை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்காக அவர்கள் பட்ட பாடு நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் சில ஊழியக்காரர் கூடி ஜெபித்துப் பேசினதில் அது தொடங்கியது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். முன்னின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிமார் முன்பாக எழுந்து, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், இப்போது எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற கருத்தில் பேசினவர் அவர்தான். பணம் கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை பாருங்கள்!

1919இல் தொடங்கினது 1947இல் முடிந்தது. நடுவில் இருபத்தெட்டு வருடப் பேச்சு. எதில் இவ்வளவு இழுபறி? இயேசு தேவகுமாரன் என்பதிலா? அவர் இரத்தத்தால் மீட்பு என்பதிலா? இல்லை. அதில் எல்லாரும் ஒருமனம்தான். யார் கையால் அபிஷேகம்பண்ணப்பட்டவர் திருவிருந்து கொடுக்கலாம், யார் கையிலிருந்து யார் வாங்கலாம், இதுதான் பெரிய சிக்கல்களில் ஒன்று. கடைசியில் எந்தச் சபையின் ஊழியக்காரரையும் மறுபடி அபிஷேகம்பண்ணத் தேவையில்லை, இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளுவோம் என்று தீர்மானித்தார்கள். அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பேதுருவும் பந்தியில் இடறினான். கொரிந்து சபையும் பந்தியில்தான் இடறியது. 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை நாம் திருவிருந்து நாளில் மட்டும் வாசிக்கிறோம், அதுவும் 23ஆம் வசனத்திலிருந்து. முந்தின வசனங்களையும் பிந்தின வசனங்களையும் விட்டுவிடுகிறோம். அந்தச் சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அந்தச் சபையில் அடிமைகளும் கூலிக்காரரும் இருந்தார்கள். எஜமான் விட்டபிறகுதானே அவர்கள் வர முடியும்? தாமதமாகத்தான் வந்திருப்பார்கள். பவுல் அவர்களைப் பார்த்து, "ஏன் லேட்டு?" என்று கேட்கவில்லை. முன்னே வந்தவர்களைப் பார்த்து, வராதவர்களுக்காகக் காத்திருக்கச் சொல்லுகிறான். கர்த்தருடைய சரீரம் இன்னதென்று அறியாமல் புசிப்பதைப் பற்றி நாம் எவ்வளவு பிரசங்கித்திருக்கிறோம்! பாவத்தை அறிக்கையிடு, உன்னை நீயே சோதித்துப் பார் என்று சொல்லுகிறோம். அது சரிதான். ஆனால் அந்த அதிகாரத்தில் பக்கத்தில் பசியோடு நின்றவனும் அந்தச் சரீரம்தான். இந்த வசனத்தைப் படித்தபோது எனக்குத் துணிக்கடைத் தம்பியின் முகம் வந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆவியானவர் விடவில்லை. உங்களிடம் ஒரு காரியத்தை அறிக்கையிட வேண்டும்.

பழைய விசுவாசிகளுக்குத் தெரியும், நம் சபையில் முன்பு ஒரே பாத்திரத்தில்தான் திராட்சரசம் பரிமாறினோம். 2009இல் சின்னச் சின்னக் கப்புகளுக்கு மாற்றினோம். சுகாதாரத்துக்காக என்று அறிவித்தேன். அதற்கு முந்தின மாதம் பட்டினப்பாக்கம் குப்பத்திலிருந்து பதினோரு பேர் ஞானஸ்நானம் எடுத்திருந்தார்கள். அடையாறுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு குடும்பத்தார் என்னை வந்து பார்த்து, "பாஸ்டர், ஒரே பாத்திரம் இனிமே சரிவருமா, யோசிச்சுப் பாருங்க" என்றார்கள். காணிக்கையில் குறைவைக்காத குடும்பம். அவர்கள் வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அடுத்த வாரமே கப்புகளுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

முதல் தடவை அந்தக் கப்புகளில் பரிமாறின அன்று, குப்பத்திலிருந்து வரும் ஒரு தாயார், வீட்டு வேலை செய்கிறவர், வாசலில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, எங்களாலதானே?" நான் சிரித்துக்கொண்டே, "சேச்சே, என்னம்மா இது, கிருமி பரவக்கூடாதுன்னுதான்" என்று சொன்னேன்.

2020இல் கொரோனா வந்தது. கிருமி எவ்வளவு உண்மை என்று எல்லாரும் கண்டோம். சின்னக் கப் இன்றைக்கும் நல்ல ஏற்பாடுதான், அதை மாற்றப்போவதில்லை. ஆனால் 2009இல் நான் பயந்தது கிருமிக்கு அல்ல. பேதுரு யாருக்குப் பயந்தானோ, அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பயந்தேன்.

நடுவில் 2015 டிசம்பர் வெள்ளமும் வந்துபோனது. 1ஆம் தேதி இராத்திரி அடையாறு ஆறு பொங்கினது. கோட்டூர்புரத்தில் பங்களாவுக்குள்ளும் தண்ணீர், ஹவுசிங் போர்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர். நம் மாடி ஹாலில் அறுபது எழுபது பேர் நான்கு இராத்திரி படுத்திருந்தோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. காரில் வருகிற அம்மாவும், அவர்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற சகோதரனின் மனைவியும் ஒரே பாயில் படுத்து, ஒரே குண்டானிலிருந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டார்கள். யார் சமைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இதுதான் அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரம் என்று நான் கண்ணீர்விட்டேன். தண்ணீர் வடிந்தது. ஜனவரி முதல் ஞாயிறு வந்தது. நாற்காலிகளை நான் மேடையிலிருந்து பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே யார் உட்காருவார்களோ அவர்களே. சுவரோரம் யாரோ அவர்களே. ஒருவரும் சொல்லித்தரவில்லை, தானாகவே பழைய இடத்துக்குப் போய்விட்டோம்.

ஆகவே கஷ்டகாலமும் நம்மை ஒன்றாக்கி வைப்பதில்லை. எபேசியர் 4ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். ஆவியின் ஒருமையை உண்டாக்குங்கள் என்று பவுல் எழுதவில்லை. காத்துக்கொள்ளச் சொல்லுகிறான். அது ஏற்கெனவே சிலுவையில் உண்டாக்கப்பட்டாயிற்று. ஒரே சரீரம் பிட்கப்பட்டது. ஒரே இரத்தம் சிந்தப்பட்டது. அந்த அப்பத்தில் நமக்குப் பங்கு உண்டு என்பதால் மட்டுமே நாம் ஒன்று. நமக்கு ஒருவரையொருவர் பிடித்திருப்பதால் அல்ல. சொல்லப்போனால், சபையில் எல்லாரையும் எல்லாருக்கும் பிடிக்காது. எனக்கே சிலரைப் பார்த்தால்... சரி, அதை ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனேன். மகன் வலை பின்னிக்கொண்டிருந்தான். உட்கார்ந்து, "அம்மா, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே தெரியும் ஐயா. அதுக்காக ஆண்டவர் பந்தியை விட்டுட முடியுமா? நீங்களா வெச்ச பந்தி அது?" என்று சொல்லி, டீ போட எழுந்தார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக அதைத் தெரிந்துகொண்டே, மாதாமாதம் வந்து என் கையிலிருந்து வாங்கியிருக்கிறார்கள்.

மூப்பர்களோடு கலந்து ஜெபித்து, ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். வருகிற மாதம் முதல் ஞாயிறு தொடங்கி, திருவிருந்து ஆராதனை விடியற்காலை 6 மணிக்கு நடைபெறும். ஏழு மணிக்குள் பந்தி பரிமாறப்படும். தி.நகர், மயிலாப்பூர் கடைகளில் வேலை செய்யும் வாலிபப் பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற தாய்மார்களும், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வருகிற சகோதரிகளும் வரத்தக்க நேரம் அதுதான். "அவ்வளவு சீக்கிரம் எப்படி பாஸ்டர் வர்றது?" என்று இரண்டு பேர் ஏற்கெனவே போன் பண்ணிவிட்டார்கள். காரும் டிரைவரும் உள்ளவர்கள்தான். வரும் வழியில் பஸ் கிடைக்காதவர்களையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பந்தி முடிந்ததும் அதே ஹாலில் எல்லாருக்கும் காலை ஆகாரம். இட்லியும் சைதாப்பேட்டை வடகறியும். நாற்காலி போடுவதில்லை, பாய்தான். வருகிற வரிசையில் உட்கார வேண்டும், யாரும் யாருக்கும் இடம்பிடித்து வைக்கக்கூடாது. முழங்கால் வலி உள்ள முதியோருக்கு மட்டும் பெஞ்சு உண்டு. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவர வேண்டாம். மாவு அரைக்கவும் வடகறி செய்யவும் அந்தத் தாயார் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்ய ஆறு பேர் தேவை. அடையாறு, மந்தைவெளிப் பக்கத்துச் சகோதரிகள் முன்வந்தால் நலமாயிருக்கும். வியாழக்கிழமை உபவாச ஜெபத்தில் பெயர் கொடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு வெங்காயம் உரிக்க வரவேண்டும். நானும் வருகிறேன்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
உங்கள் போதகர்